ஓய்வு பெறும் ஆண்டில் பென்ஷனில் எவ்வளவு கட்டலாம்? பிரிட்டன் விதிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜூலை 31-இல் ஓய்வு. ஆண்டுச் சம்பளம் 48,000 பவுண்டு. சொந்த பென்ஷனான சிப் கணக்கில் அவ்வளவையும் கட்டலாமா?

பதில்: முடியாது. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை உங்களுக்கு உண்மையில் வந்த சம்பளம்தான் வரிச் சலுகைக்கு உச்சவரம்பு. நான்கு மாதச் சம்பளம் 16,000. எடுக்காத விடுப்புக்கு 1,000 கிடைத்தால் 17,000. கம்பெனி பென்ஷனுக்கு நீங்கள் ஏற்கெனவே 800 கட்டியிருந்தால் மீதி 16,200.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். 16,200 என்பது சலுகையும் சேர்ந்த தொகை. நீங்கள் அனுப்ப வேண்டியது அதில் 80%, அதாவது 12,960. மீதி 3,240-ஐ பென்ஷன் நிறுவனம் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் வாங்கிச் சேர்க்கும். 16,200-ஐ அப்படியே அனுப்பினால் கணக்கில் 20,250 ஆகிவிடும். கூடுதலாக வந்த 810 பவுண்டு சலுகை உங்களுக்கு உரியதல்ல, திருப்பித் தர வேண்டும்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு, ஜனவரியில் கட்டலாமா?

பதில்: தாராளமாக. ஏப்ரல் 5-க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் போதும். கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள்.

கேள்வி: ஆண்டுக்குப் பென்ஷனில் கட்டக்கூடிய 60,000 வரம்பும், முந்தைய 3 ஆண்டுகளில் பயன்படுத்தாத அந்த வரம்பின் மிச்சமும் இருக்கிறதே?

பதில்: அது வேறு வரம்பு. மிச்சத்தைக் கொண்டுவந்தாலும் உங்கள் சொந்தப் பணத்துக்குச் சம்பள வரம்பு தளராது. முதலாளி கட்டும் பணத்துக்குத்தான் சம்பள வரம்பு கிடையாது. ஆட்குறைப்பில் வெளியேறுகிறவர்களே, கவனியுங்கள்: இழப்பீட்டில் வரியில்லாத முதல் 30,000 சம்பளமாகக் கணக்கில் வராது, அதற்கு மேல் வருவது வரும்.

கேள்வி: வாடகை வருமானம் மட்டும்தான் உள்ளது.

பதில்: வாடகை, வட்டி, டிவிடெண்ட், பென்ஷன் எதுவும் சம்பள வரம்பில் சேராது. 75 வயது வரை ஆண்டுக்கு 2,880 கட்டலாம். கணக்கில் 3,600 ஆகும்.

கேள்வி: பென்ஷனிலிருந்து 25% வரியில்லாத் தொகையை எடுத்துவிட்டேன். இனி ஆண்டுக்குக் கட்டக்கூடியது 10,000தானா?

பதில்: அதை மட்டும் எடுத்திருந்தால் இல்லை. டிராடவுனிலிருந்து (பென்ஷன் பணத்தை முதலீட்டிலேயே வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுக்கும் முறை) வரிக்குரிய வருமானமாக ஒரு பவுண்டு எடுத்தாலும் அந்த 10,000 வரம்பு விழும். பழைய மிச்சமும் அதற்கு உதவாது. எடுத்த வரியில்லாப் பணத்தையே மறுபடி பென்ஷனில் போட்டுச் சலுகை வாங்கத் திட்டமிடுவதும் ஆபத்து. 12 மாதத்தில் 7,500-க்கு மேல் எடுத்து, கட்டுவதையும் அதற்கேற்ப வெகுவாக உயர்த்தியிருந்தால் விசாரணை வரலாம்; விதிமீறல் உறுதியானால் 40% வரியில் தொடங்கும்.