புளிசாதமும் ஃப்ரட்டர்னிட்டியும்

அன்புள்ள சார்,

திருச்சியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒஹாயோவில் பி.எஸ். படிக்கப் போனவன் நான். அங்கே ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் (பல கல்லூரிகளில் கிளை வைத்து, உறுப்பினர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து தங்குகிற மாணவர் சங்கம்) சேர்ந்து, படிப்பு முடியும்வரை அந்த வீட்டிலேயே இருந்தேன். எங்கள் கிளையில் முதல் இந்தியன் நான்தான். சங்கத்தின் உறுப்பினர் பத்திரிகை இப்போது பழைய ஆட்களிடம் அனுபவமும் படமும் கேட்டது. ஆறு பக்கம் எழுதி, பன்னிரண்டு படங்களோடு அனுப்பினேன். 400 சொல்லுக்குள் சுருக்குங்கள், இரண்டு படம் போதும், கையில் சிவப்பு பிளாஸ்டிக் கப் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்திருக்கிறது. நன்கொடை கேட்பதற்காக நடத்துகிற பத்திரிகைதானே, இதற்குப் போய் மெனக்கெட வேண்டுமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கே., சிகாகோ

அன்புள்ள கே.,

படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அந்த ஆசிரியர் பக்கம்தான்.

முதல் நான்கு பக்கங்களில் சகோதரத்துவம், தலைமைப் பண்பு, வாழ்நாள் நட்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளில் உங்கள் சங்கத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தச் சங்கத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஐந்தாம் பக்கத்தின் நடுவில்தான் விஷயம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சமையல்காரருக்கு லீவு. பீட்ஸாவுக்குக் காசு தேறவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து, வீட்டிலிருந்த பெரிய சட்டியில் சாதம் வடித்துக் கிளறி வைக்கிறீர்கள். ஒருவன் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறான். இன்னொருவன் மேலே கெட்சப்பை ஊற்றுகிறான். அடுத்த ஞாயிறு அவர்களே கேட்கிறார்கள். இதை மூன்றே வரியில் முடித்துவிட்டு மறுபடி தலைமைப் பண்புக்குப் போய்விட்டீர்கள்! அந்தச் சட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். 400 சொல் தாராளம்.

‘முதல் இந்தியன்’ என்று எனக்கு எழுதியது கட்டுரையில் எங்குமே இல்லை. கூச்சமா? அது சின்ன விஷயம் இல்லை. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை சங்கத்தின் கிளை, தாமஸ் கிப்ஸ் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்காகச் சங்கத்தின் தலைமை அந்தக் கிளையையே விலக்கி வைத்தது. வெள்ளையரை மட்டுமே சேர்ப்பது என்று விதியே எழுதி வைத்திருந்த சங்கங்கள் பல இருந்தன. அப்படிப்பட்ட உலகத்தில், பின்னால் ஒரு காலத்தில், திருச்சிப் பையன் ஒருவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வருகிறான். பாடம் எதுவும் சொல்ல வேண்டாம். முதல் நாள் அந்த மேஜையில் எங்கே உட்கார்ந்தீர்கள், யார் இடம் விட்டார், யார் விடவில்லை என்று எழுதினால் போதும். ‘விடவில்லை’ என்பதை அவர்கள் வெட்டினால் வெட்டட்டும், நீங்களாக வெட்டாதீர்கள்.

நன்கொடைப் பத்திரிகை என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906இல் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1914 முதல் ‘தி ஸ்ஃபிங்ஸ்’ பத்திரிகையை நடத்துகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் மார்ட்டின் லூதர் கிங்கும் அந்தச் சங்கத்துக்காரர்கள். யார் பட்டம் வாங்கினார், யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போனார் என்று உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய துணுக்குகள் இன்றைக்கு வரலாறு எழுதுகிறவர்களுக்குச் சான்று. எழுதினவர்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஊர்ச் சேதி, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த சிவப்பு கப். அங்கே பார்ட்டியில் பீர் ஊற்றிக் குடிக்கிற கப் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அதில் வெறும் கோக்தான் இருந்தது என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அமெரிக்காவில் குடிப்பதற்கான வயது 21. வீட்டில் இருக்கிற பையன்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே. பீட்டா தீட்டா பை என்ற சங்கம் 1872இலிருந்து பத்திரிகை நடத்துகிறது. இந்த வகைப் பத்திரிகைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சங்கத்தின் கிளை வீட்டில், புதிதாகச் சேர வந்த டிமோத்தி பியாட்ஸா என்ற 19 வயதுப் பையனை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள். மாடிப்படியில் விழுந்தான். மணிக்கணக்கில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இறந்துபோனான். அவன் பெயரில் அந்த மாநிலத்தில் சட்டமே வந்தது. இதற்குப் பிறகு எந்த ஆசிரியர் கப் தெரிகிற படத்தைப் போடுவார்? பத்திரிகை பையன்களின் அப்பா அம்மா கையிலும்தானே போய்ச் சேரும்! கப்பை மறைக்கப் படத்தை வெட்டி ஒட்டும் வேலையும் வேண்டாம். வேறு படம் இருக்கிறது.

பன்னிரண்டில் நான் எடுப்பது இரண்டு. வாசல் படிக்கட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று. சமையலறையில் நீங்கள் கரண்டியோடு பாதி திரும்பி நிற்கிற, கொஞ்சம் மங்கலான படம் இன்னொன்று. பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சிரிக்கிற படத்தை விட்டுவிடுங்கள். அதை எந்த ஊர் ரோட்டரி கிளப்பிலும் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பியது ஆல்பத்தைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டது. ட்யூப்லைட் வெளிச்சம் நடு முகத்தில் அடிக்கிறது, வாட்ஸப் வேறு படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். எட்டு அங்குல அகலத்தில் போட 2400 பிக்ஸல். பழைய 4x6 பிரிண்டை ஸ்கேனரில் 600 வைத்து எடுத்தால் அது வந்துவிடும். ஃபைலை மெயிலில் இணைத்து அனுப்புங்கள். படம் எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர் பெயரையும் போடுங்கள். சங்கத்தின் ரகசியச் சடங்கு நடக்கிற அறையின் படம் ஒன்று கலந்திருக்கிறது. ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவர் நீங்கள், எனக்கே அனுப்பியிருக்கக் கூடாது.

படிக்கட்டுப் படத்துக்கு ‘நண்பர்களுடன்’ என்று மட்டும் குறிப்பு வைத்திருக்கிறீர்கள். போதாது. இடமிருந்து வலமாக, முன்வரிசையிலிருந்து, முழுப் பெயரும் பட்டம் பெற்ற வருடமும் வேண்டும். இரண்டு பேர் பெயர் ஞாபகமில்லை என்கிறீர்கள். அந்த வருடத்துக் கிளைச் செயலாளர் சிகாகோவில்தான் இருக்கிறார் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறீர்களே, இன்றைக்கே அவருக்கு போன் போடுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று அச்சிடச் சொல்லுங்கள். இதழ் வந்த வாரமே யாராவது எழுதிப் போடுவார்கள்.