கடலின் மேற்பரப்பில் வாழும் சிற்றுயிர்கள்: கேள்வி பதில்

கேள்வி: மேற்பரப்பில் மிதக்கும் சிற்றுயிர்களில் பல நீல நிறமாக இருப்பது ஏன்?

பதில்: ஒளிந்துகொள்ளப் பாறையோ பாசிக்காடோ அங்கே இல்லை, மேலிருந்து பறவையும் கீழிருந்து மீனும் தேடுகின்றன. ஆகவே நிறம்தான் மறைவிடம். நீல டிராகன் எனப்படும் கிளாக்கஸ் என்னும் ஓடில்லாக் கடல் நத்தை, ஏறத்தாழ 3 செ.மீ. நீளமே வளரும். அது காற்றை விழுங்கி வயிற்றில் தேக்கிக்கொண்டு மல்லாந்து மிதப்பதால், வானத்தை நோக்கியிருக்கும் அதன் வயிற்றுப்புறம் நீலமாகவும், ஆழத்தை நோக்கியிருக்கும் முதுகுப்புறம் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகவும் இருக்கின்றன. முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும் மீன்களின் அமைப்பு இங்கே அப்படியே தலைகீழாகிவிட்டது.

கேள்வி: காற்றை விழுங்காத உயிர்கள் எப்படி மிதக்கின்றன?

பதில்: ஊதா நத்தையான ஜாந்தினா, தன் பாதத்தால் காற்றைப் பிடித்து, அதைக் கோழையால் சுற்றிக் குமிழிகளாக்கி, அவற்றை ஒட்டித் தெப்பம் கட்டி அதன் அடியில் தொங்குகிறது. தெப்பத்தை இழந்தால் அது மூழ்கிவிடும். புதுக் குமிழி செய்யத் தேவையான காற்று மேற்பரப்பில்தானே இருக்கிறது! ஜெல்லிமீனுக்கு உறவான வெலெல்லாவின் மிதவையோ உடலோடு ஒன்றிய காற்றறைகளால் ஆனது. அதன் மேல் நிற்கும் சிறு பாய் சிலவற்றில் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும் சாய்ந்திருப்பதால், ஒரே காற்று அவற்றை வெவ்வேறு திசைகளில் கொண்டுசெல்கிறது. மேற்பரப்பு வாழ்வின் மிக நேர்த்தியான தகவமைப்பு இதுவே என்பது என் கருத்து.

கேள்வி: மீன் துரத்தினால் தப்பிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பொன்டெல்லிட் வகைக் கோப்பிபாடுகள் (இறாலுக்கு உறவான சிற்றுயிர்கள்) நீரைப் பிளந்து காற்றில் பாய்கின்றன. அவ்வளவு சிறிய உடலுக்கு நீரின் பரப்பு இழுவிசை வலுவான தடை என்பதால், அதை உடைப்பதிலேயே பெரும் ஆற்றல் செலவாகிறது. ஆனாலும் தம் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு தொலைவு கடந்து விழுவதால், மீன் அவற்றைத் தவறவிடுகிறது.

கேள்வி: கடுமையான வெயிலைத் தாங்குவது எப்படி?

பதில்: உணவிலிருந்து பெறும் நிறமிகளும் புறஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்களும் பலவற்றைக் காக்கின்றன. வேறு சில, இரவில் மட்டுமே மேலே வருகின்றன.

கேள்வி: திறந்த கடலில் பூச்சிகள் உண்டா?

பதில்: ஹேலோபேட்டிஸ் என்னும் இறக்கையற்ற பூச்சியினத்தில் 5 வகைகள் கரையை விட்டு விலகி நடுக்கடலிலேயே வாழ்கின்றன. உடலை மூடிய நுண்மயிர்கள் நீரை ஒட்டவிடாததால், அவை அலையில் நனையாமல் நீர்ப்பரப்பில் ஓடுகின்றன. முட்டையிட மட்டும் அவற்றுக்குக் கெட்டியான பொருள் ஒன்று வேண்டும். முன்பு பறவை இறகும் மிதக்கும் எரிமலைக் கல்லும் அதற்கு உதவின. இப்போது பிளாஸ்டிக் துண்டுகளிலும் இடுகின்றன. இதை நன்மை என்று எண்ணிவிடக் கூடாது: ஓரினத்துக்கு மட்டும் முட்டையிடும் இடம் பெருகுவது, அது உண்ணும் மிதவை உயிர்களின் மீதான அழுத்தத்தைக் கூட்டக்கூடும்.