அந்த டி.சி. யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சொந்தபந்தம் முன்னால் தாலி கட்டித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. 11 வருடத்துக்கு முன் கணவர் ஒரு சபையில் சேர்ந்தார். குடும்பத்தோடு அவர்கள் இடத்துக்கே குடிபோனோம். அங்கே 'ஐயா' சொல்வதுதான் சட்டம். நகை, ரேஷன் கார்டு, ஆதார், போன் எல்லாம் அவரிடம். கருவாடு காயப்போட்டு வரும் கூலியும் சபைக்குத்தான். ஐயாவுக்கு ஐந்து மனைவிகள். 'பக்குவப்பட்ட' ஆண்களுக்கு அவரே இன்னொரு பெண்ணைக் கொடுப்பார். என் கணவருக்கும் இரண்டு வருடத்துக்கு முன் 19 வயதுப் பெண்ணை மாலை மாற்றிவைத்தார். அவள் வந்ததிலிருந்துதான் எனக்கு அடி. எதிர்த்துப் பேசினால் ஒரு வாரம் யாரும் பேசக்கூடாது, ஒருவேளைதான் சோறு. கணவர் நல்லவர்தான், ஐயாவுக்குப் பயப்படுகிறார். ராத்திரியில் அழுகிறார். மகனுக்கு 16, மகளுக்கு 13. மகளை எட்டாவது படிக்கும்போதே நிறுத்தியாச்சு. டி.சி.யை ஐயா வாங்கி வைத்துக்கொண்டார், அது பரவாயில்லை, அவளுக்கும் படிப்பில் நாட்டமில்லை. சாயங்காலம் ஐயா வீட்டில் விளக்கேற்ற இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், புதுத்துணியெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சபையை விட்டுப் போகமாட்டேன் என்று கடல்தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்திருக்கிறேன். மீறினால் பிள்ளைகளுக்குக் கேடு வருமா? கணவர் மனம் மாறும்வரை பொறுத்திருக்கலாமா? பாம்பனில் இருக்கும் அம்மா கடல்பாசி எடுத்து என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். அவரோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

பதில்: ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கணவரின் கண்ணீர். மகளின் டி.சி.க்கு ஒரே ஒரு வரி, அதிலும் 'அது பரவாயில்லை'. தங்கச்சி, அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன்.

டி.சி. எதற்கு வாங்குவார்கள்? இன்னொரு பள்ளியில் சேர்க்க. உங்கள் மகளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. பிறகு அந்தக் காகிதம் ஐயாவுக்கு எதற்கு? அதில் அவள் பிறந்த தேதி இருக்கிறது. ஆதார் ஏற்கெனவே அவர் கையில். ஆக, இந்தப் பெண்ணுக்கு 13 வயதுதான் என்று காட்டும் காகிதம் ஒன்றுகூட இப்போது உங்களிடம் இல்லை. இன்னொன்றும் நடந்திருக்கிறது. பள்ளியில் பெயர் இருந்தவரை, பத்து நாள் வராவிட்டால் டீச்சராவது கேட்டிருப்பார், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையாவது தேடியிருக்கும். 'வேறு ஊருக்குப் போகிறோம்' என்று சொல்லிப் பெயரை எடுத்தாச்சு. இனி உங்கள் மகள் எங்கே என்று கேட்க, அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒருத்தரும் இல்லை.

இதைச் செய்துவிட்டு, விளக்கேற்ற அவளைக் கூப்பிடுகிறார்கள், புதுத்துணி எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு பெருமை தெரிகிறது. அதைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. ஐந்து பெண்களைக் கட்டி வைத்திருக்கும் ஒரு கிழவன், 13 வயதுப் பிள்ளையை சாயங்காலம் தன் வீட்டுக்கு வரச்சொல்கிறான். பெற்றவளுக்கு இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? உங்களுக்கு உள்ளூர எதுவும் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். தெரிந்ததால்தான் கடைசிப் பக்கத்தில், அவசர அவசரமாக எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் ஷார்ட் க்ரீக் என்று ஓர் இடம். மோர்மன் திருச்சபை 1890-லேயே கைவிட்ட பலதார மணத்தை விடமாட்டோம் என்று பிரிந்துபோனவர்கள் அங்கே தனி ஊராகவே வாழ்ந்தார்கள். 2000-ல் அவர்கள் தலைவர்களில் ஒருவரான வாரன் ஜெஃப்ஸ், பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொன்னார். தாய் தகப்பன்கள் நிறுத்தினார்கள். அவர்களும் அன்றைக்கு 'அது பரவாயில்லை' என்றுதான் நினைத்திருப்பார்கள். 2011-ல் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த ஆளுக்கு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 20 வருடமும் கொடுத்தது. 'ஆன்மிக மனைவி' என்று சொல்லி அவர் சீரழித்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு 15 வயது, இன்னொருத்திக்கு 12. எந்த நாடாக இருந்தாலும் இவர்கள் முதலில் கைவைப்பது பள்ளிக்கூடத்தில்தான். நிறையப் பேர் கடிதத்தில் பார்த்துவிட்டேன், சாமி பெயர்தான் மாறுகிறது.

அப்புறம் அந்த 19 வயதுப் பெண். 'அவள் வந்ததிலிருந்துதான் அடி' என்று ஒரு பக்கம் முழுக்க அவளைத் திட்டியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில், அவள் பத்து வயதில் பெற்றோரோடு அங்கே வந்தவள் என்றும் இருக்கிறது. அவளுடைய டி.சி. எங்கே? அவளும் ஒரு காலத்தில் ஐயா வீட்டில் விளக்கேற்றியவளா என்று என்றைக்காவது கேட்டீர்களா? உங்களை அடித்தது உங்கள் கணவரின் கை. அந்தப் பிள்ளை மேல் கோபத்தைத் திருப்பிவிட்டால், கணவரை நல்லவர் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், வேறொன்றும் இல்லை.

குடும்பம் உடையக்கூடாது என்று நினைக்கிறவள் நான். சின்னச் சண்டைக்கெல்லாம் பெட்டியைத் தூக்காதே என்று இந்தப் பக்கத்திலேயே பலருக்கு எழுதியிருக்கிறேன், அதற்காக வசவும் வாங்கியிருக்கிறேன். ஆனால் குடும்பம் எதற்கு? பிள்ளைக்குக் காவலாக நிற்கத்தான். தகப்பனே மகளின் டி.சி.யில் கையெழுத்துப் போட்டு வாங்கி இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு ராத்திரி அழுதால், அந்தக் கண்ணீரைத் துடைக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். அவர் மனம் மாறட்டும், நல்லதுதான். நீங்களும் மகளும் வெளியே வந்த பிறகு மாறட்டும். கிளம்புவதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். பயந்த மனுஷன், விடிவதற்குள் ஐயாவிடம் சொல்லிவிடுவார்.

சத்தியம் பற்றிக் கேட்டீர்கள். சோற்றைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, பயமுறுத்தி வாங்கிய சத்தியத்துக்கு எந்த சாமியும் கணக்குப் பார்க்காது. பிள்ளைகளுக்குக் கேடு வருமா என்றால், கேடு வந்து வாசலில் நிற்கிறது, நீங்கள் அங்கே இருப்பதால்.

உங்கள் அம்மா விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. பாசி எடுக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்குவார்கள். மூச்சை அடக்கி ஒரு பிடி பறித்து, மேலே வந்து இடுப்புப் பையில் போட்டுவிட்டு மறுபடி மூழ்குவார்கள். கரைக்கு வரும்போது துணியை மீறி விரல் வெட்டியிருக்கும், உப்புத்தண்ணீரில் அது எரியும். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அப்படிப் பறித்துக் காயவைத்து விற்ற காசில் நீங்கள் பன்னிரண்டாவது முடித்தீர்கள். எனக்கு இத்தனை தெளிவாகக் கடிதம் எழுத முடிந்தது அதனால்தான். அந்த அம்மாவின் பேத்தி எட்டாவதைத் தாண்டவில்லை, அது உங்களுக்குப் பரவாயில்லை. எந்த முகத்தோடு போவது என்று கேட்கிறீர்களே, அழுத முகத்தோடே போங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் பேசாமல் இருந்த மகள் அதையாவது வாங்கித்தான் ஆகவேண்டும்.

இனி ஆகவேண்டியது. இந்தப் பத்திரிகை அங்கேயும் போகலாம் என்பதால் உங்கள் வயது, தொழில், ஊர் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் வெளியே போய்வருகிற நாள் எது என்று எழுதியிருந்ததைச் சேர்க்கவில்லை. அந்த நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், வயதுக்கு வந்த பெண், காரணம் கிடைக்கும். காகிதம் எதையும் தேடி எடுக்க முயற்சி செய்யாதீர்கள், அதில் மாட்டிக்கொள்வீர்கள். யாருடைய போனிலாவது 181-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பெண்களுக்கான 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே சில நாள் தங்கலாம். யாராவது துரத்தினால் அவசர உதவிக்கு 112.

மகள் விஷயத்தை மட்டும் மென்று விழுங்காதீர்கள். பிள்ளைக்கு இப்படி நடக்கப்போகிறது என்ற பயம் இருந்தாலே சொல்லியாக வேண்டும் என்கிறது, பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம். எனக்கும் அது பொருந்தும், அதனால் உங்கள் கடிதம் இங்கேயே தூங்காது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அதிகாரி நம் மாவட்டங்களில் சமூக நல அலுவலர்தான். 2006-ன் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். அதை மீறி மாலை மாற்றினால் அது கல்யாணமே இல்லை.

பிள்ளையைக் கடத்திவிட்டாள் என்று அவர்கள் கிளப்பிவிடுவார்கள், அதற்கு அஞ்சாதீர்கள். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடிக்குப் பாதுகாப்பும், மகளைத் தற்காலிகமாக உங்களிடமே வைத்துக்கொள்ளும் உத்தரவும் சேர்த்தே கேட்கலாம். தாலி கட்டிய மனைவி நீங்கள் இருக்கும்போது அவர் செய்த இரண்டாவது கல்யாணம் 1955-ன் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அது குற்றமும்கூட. முன்பு இ.பி.கோ. 494, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 82, ஏழு வருடம் வரை சிறை. வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கவேண்டும், மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மகனுக்கு 16. அவன் ஐயாவை நம்புகிறான், உங்களோடு வரமாட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதைக்கு விட்டுவிட்டு வாருங்கள். இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனைச் சம்மதிக்கவைக்கும் வரை காத்திருந்தால் மகள் போய்விடுவாள். வெளியே வந்ததும் அவன் அங்கே இருப்பதை குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ல் சொல்லுங்கள், 18 ஆகும்வரை அவனும் சட்டப்படி குழந்தைதான்.

பாம்பன் போய்ச் சேர்ந்த மறுநாளே பக்கத்து அரசுப் பள்ளிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று எட்டாவது வரை படிக்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பழைய பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயரும் பிறந்த தேதியும் இன்னும் இருக்கும். ஹெட்மாஸ்டரிடம் டி.சி. நகல் கேட்டு எழுதிக்கொடுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். அந்த நகல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். வேறு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.