குளக்கரை பங்களாவை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை மும்பையில். ஊருக்கு அருகில் குளத்தை ஒட்டி வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றைப் பழமை மாறாமல் புதுப்பித்து, விடுமுறை வீடாக விற்கிறார்கள். விலை 1.40 கோடி. வருடத்தில் மூன்று வாரம் நாங்கள் தங்கிக்கொண்டு மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம், ஒரு ராத்திரிக்கு 10,000 ரூபாய் வீதம் 200 நாள் ஓடும் என்கிறார் விற்பவர். முதல் இரண்டு வருடத்துக்கு மாதம் 60,000 ரூபாய் தானே தருவதாக உத்தரவாதமும் கொடுக்கிறார். என் சேமிப்பு 95 லட்சம். மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மகள் கல்யாணம் இன்னும் முடியவில்லை. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு, இந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு, வேண்டாம். ஊரில் ஒரு இடம் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கணக்குதான் இடிக்கிறது.

விற்பவரின் உத்தரவாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 200 நாள், 10,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 20 லட்சம். அவ்வளவு வரும் என்று நம்புகிறவர் ஏன் வருடத்துக்கு 7.2 லட்சத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறார்? இரண்டு வருடத்தில் அவர் தரப்போவது 14.4 லட்சம். அது விலைக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும், உங்கள் பணமே மாதாமாதம் உங்களுக்குத் திரும்பி வரும் என்பது என் சந்தேகம். சோதித்துப் பார்ப்பது சுலபம். "உத்தரவாதம் வேண்டாம், அந்த 14.4 லட்சத்தை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். உடனே சரி என்றால், பங்களாவின் உண்மை விலை அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். மறுத்தால், 'நீங்கள் தருவதாகச் சொல்லும் அதே பணம்தானே, இப்போதே குறைப்பதில் என்ன கஷ்டம்' என்று கேட்டுவிட்டு, வரும் பதிலைக் கவனியுங்கள்.

இனி உண்மையில் எத்தனை நாள் ஓடும்? நம் பக்கம் கூட்டம் வருவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது. அதிலும் சனி, ஞாயிறுதான். அப்புறம் ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயில், பொங்கல், தீபாவளி, ஊர்க் கோயில் கொடை விழாக்கள். கொடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர் வீட்டில்தான் படுப்பார்கள். பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். பிசான நெல் (மழைக்காலப் போகம்) அறுவடை முடிந்து பாசனக் குளங்கள் வற்றிக் கிடக்கும் நேரமும் அதுதான். அப்போது உங்கள் வராந்தாவிலிருந்து தண்ணீர் தெரியாது, உடை மரமும் கிரிக்கெட் ஆடும் பையன்களும்தான் தெரிவார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். ராத்திரிக்கு 10,000 கொடுத்து வருகிறவருக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

அதனால் நான் 70 நாள், 8,000 ரூபாய் என்று போடுகிறேன். வருடத்துக்கு 5.6 லட்சம். முன்பதிவுத் தளங்களின் கமிஷன் 15 சதவீதம் என்றால் சுமார் 84,000. வாட்ச்மேன், பெருக்கித் துடைக்க ஆள் எல்லாம் சேர்த்து மாதம் 15,000, வருடத்துக்கு 1.8 லட்சம். கரண்ட், சலவை, வரி என்று 90,000. பழைய கட்டடத்துக்குப் பராமரிப்பாக விலையில் ஒரு சதவீதம், அதாவது 1.4 லட்சம் ஒதுக்கியே ஆக வேண்டும். கடைசியில் நிற்பது 66,000 ரூபாய். வருமான வரி இன்னும் கழிக்கவில்லை.

உங்கள் செலவு என்ன? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.40 கோடிக்கு அதுவே 12.6 லட்சம். ஆக மொத்தம் 1.526 கோடி. 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 74,400 ரூபாய். பங்களா ஒரு வருடம் முழுக்கச் சம்பாதிப்பது உங்கள் ஒரு மாதத் தவணைக்குக்கூடக் காணாது. கையிலிருந்து போடும் 92.6 லட்சம் வங்கியில் 6.5 சதவீதத்தில் இருந்தால் வருடம் சுமார் 6 லட்சம் வட்டி வரும். அந்த வட்டியிலேயே இதே பங்களாவை 75 ராத்திரி வாடகைக்கு எடுக்கலாம். நீங்கள் தங்கப்போவது மூன்று வாரம்.

60 லட்சம் கடன் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் நிலத்துக்குத்தான் விலை போடுவார். நூறு வருடச் சுவருக்கும் தேக்கு உத்தரத்துக்கும் நாம் மயங்குவதுபோல அவர் மயங்க மாட்டார். புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், நீங்களே தங்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

இதெல்லாம் பணக் கணக்கு. எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்தக் குளம். கரையை ஒட்டிய சொத்தில் பத்திரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிராம 'அ' பதிவேட்டில் (ஊரின் நிலங்களுக்கான அரசுப் பதிவேடு) அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது அரசின் குளத்து நிலம், என்று இருந்தால், பத்திரம் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வீடு பட்டாவுக்குள் இருந்து, விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் படித்துறையும் புல்தரையும் வெளியே இருப்பதும் உண்டு. நீங்கள் அதிகப் பணம் கொடுப்பதே அந்தப் படித்துறைக்குத்தான். ஆகவே நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்பட நகலை வைத்துக்கொண்டு சர்வேயரை விட்டு அளக்காமல் நகராதீர்கள்.

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா என்றால் இன்னொரு கேள்வி: கட்டடம் ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையதா? மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த இடம், 2028-ல் கெடு முடிகிறது. அங்கே எஸ்டேட் பங்களா எவ்வளவு நேர்த்தியாக இருந்து என்ன? ஜமீன், கோயில், மடம் எதனுடைய நிலமாக இருந்தது என்று மூலப் பத்திரம் வரை போய்ப் பாருங்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை அனுமதியில்லாத விற்பனை செல்லாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் என்றால், வாடகைக்கு விடுவதற்கு வனத்துறைத் தரப்பில் தடை உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

குளம் நிரம்பினால் வழியும் தண்ணீர், அதாவது மறுகால், எந்தப் பக்கம் பாய்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் அந்த வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வயசானவர்கள் '92 வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தக் கறை தெரியாது. அடித்தது சுண்ணாம்புதானா என்பதும் முக்கியம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில மழைக்காலத்தில் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஈரமும் முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும்.

பத்திரமெல்லாம் சுத்தமாக இருந்து, ஆசையும் விடவில்லை என்றால்? அண்ணன் தம்பி, மைத்துனர் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கடன் இல்லாமல், உங்கள் பங்கு 35 லட்சத்தைத் தாண்டாமல் வாங்குவதானால் நான் தடுக்க மாட்டேன். அதை முதலீடு என்று எழுதாமல் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் எப்போது தங்குவது, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை என்ன விலைக்கு எடுப்பது என்பதை வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மகள் கல்யாணத்துக்கும் உங்கள் ஓய்வுக் காலத்துக்கும் ஒதுக்கிய பணம் இதற்குள் வரவே கூடாது.

விற்பவர் டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துவார். வில்லங்கச் சான்றும் 'அ' பதிவேட்டு நகலும் கைக்கு வந்து, வக்கீல் படித்துப் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடைசியில் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துக்கு விலையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் ஒரு சதவீதத்தோடு நிற்காது, மிக அதிகம்; ஆடிட்டரைக் கேட்காமல் பணத்தை அனுப்பாதீர்கள்.