ஆஸ்துமா மருந்துகள்: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சகநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு, உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். யாருடைய மருந்தின் அளவையும் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லப்போவதில்லை. அது நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் போகும்போது எதை மறைக்காமல் சொல்வது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேள்வி: இழுப்பு வரும்போது நீல நிற இன்ஹேலரை இரண்டு முறை அடித்தால் எனக்குச் சரியாகிவிடுகிறது. அப்படியிருக்க, மருத்துவர் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கச் சொல்வது ஏன்?

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு. 12 வயதைக் கடந்த ஆஸ்துமா நோயாளிகள் சால்புட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ‘ஜினா’ எனும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் குழு 2019-இலேயே கூறிவிட்டது.

ஒரு குப்பியில் பொதுவாக 200 முறை அடிக்கும் மருந்து இருக்கும். ஓராண்டில் மூன்று குப்பிகளோ அதற்கு மேலோ தீர்ந்துபோனால், கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். ஆகவே, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்கும்போது, நம்மவர்களின் வழக்கமான “பரவாயில்லை, டாக்டர்” என்ற பதிலை விட்டுவிட்டு, எத்தனை குப்பி வாங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஸ்டீராய்டு என்றாலே வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். வீசிங் நின்றதும் இன்ஹேலரை நிறுத்திவிடுகிறோம். இது தவறா?

தவறுதான், அம்மா, ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. முதலில் அளவைப் பாருங்கள். இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராமில் அளக்கப்படுகிறது. 200 மைக்ரோகிராம் என்பது 0.2 மில்லிகிராம். இழுப்பு முற்றியபின் தரப்படும் ப்ரெட்னிசலோன் மாத்திரை ஒன்றே 5 மில்லிகிராம், அதாவது எடையில் 25 மடங்கு. அதுவும் உடல் முழுவதும் பரவுவது. இன்ஹேலரைப் பாதியில் நிறுத்தும் குழந்தைகள்தாம் இந்த மாத்திரைக்கு மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறார்கள்.

இன்ஹேலர் ஸ்டீராய்டைத் தொடர்ந்து எடுக்கும் குழந்தைகளின் உயரம் ஏறக்குறைய 1 செ.மீ. குறையலாம் என்பது உண்மை. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசலாம். ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் தொல்லையின்றிக் கழிந்தால் அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வாயில் வெண்புண் வராமலிருக்க, மருந்து எடுத்ததும் குழந்தை வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் எனும் குழாய் வழியாகக் கொடுத்தால் தொண்டையில் படியும் மருந்து வெகுவாகக் குறையும்.

கேள்வி: ஆறு மாதமாக மருந்து எடுத்தும் பலனில்லை. அளவைக் கூட்டித் தரும்படி கேட்கலாமா?

கேட்பதற்கு முன், நீங்கள் மருந்தை உள்ளிழுக்கும் விதத்தை மருத்துவர் முன்னிலையில் செய்துகாட்டுங்கள். கேப்சூலை இட்டு உறிஞ்சும் கருவியைப் பெற்றுச் சென்ற பெரியவர் ஒருவர், கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, கேப்சூலைக் காலையும் மாலையும் தண்ணீரோடு விழுங்கிவந்தார். “மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா?” என்று கேட்டபோதெல்லாம் அவர் “ஆமாம்” என்றே சொல்லியிருக்கிறார், அது பொய்யும் அன்று. பொடிக் கருவி என்றால் வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். அதற்குள்ளேயே மூச்சை விட்டால் பொடி ஈரமாகிக் கட்டிவிடும். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் என்றால், அதற்கு நேர்மாறாக, அழுத்தும் அதே நொடியில் மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டிலும் மூச்சைப் பத்து விநாடி அடக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கும் மூட்டுவலிக்கும் வேறு மருத்துவர்களிடம் மருந்து வாங்குகிறேன். அவற்றையெல்லாம் நெஞ்சக மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். சீட்டுகளைத் தேடுவதைவிட, வீட்டிலுள்ள அட்டைகளையும் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுவது எளிது.

இரத்த அழுத்தத்துக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், கைநடுக்கத்துக்கும் தரப்படும் ப்ரொப்ரனலோல் போன்ற பீட்டா தடுப்பிகள் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். அவசரத்துக்கு அடிக்கும் சால்புட்டமாலின் பலனையும் அவை தடுக்கும். எவரும் மருந்தென்றே எண்ணாத ஒன்று கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு கண்ணீர்ப் பாதை வழியே மூக்குக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் போய், இழுப்பைத் தூண்டிவிடும். கண் மருத்துவரிடமும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை எல்லா ஆஸ்துமா நோயாளிகளுக்கும் கேடு செய்வதில்லை. மூக்கில் சதை வளர்ந்தவர்களும், முன்பு வலி மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் மூக்கடைத்து மூச்சு வாங்கியவர்களும்தாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரில், எனலாப்ரில் ஆகியவை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அது ஆஸ்துமா முற்றியதாகத் தோன்றி, வீணாக இன்ஹேலர் அளவு கூட்டப்படுவதும் உண்டு.

மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் ஒரு சொல். அதில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. காய்ச்சலுக்கென்று மருந்துக்கடையில் நீங்களே சிப்ரோஃப்ளாக்சசின் எனும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கினால், தியோஃபிலின் இரத்தத்தில் தேங்கி, குமட்டலில் தொடங்கி, படபடப்பு, வலிப்பு வரை கொண்டுபோகலாம். புகைப்பழக்கத்தை விடுவதும் இரத்தத்தில் அதன் அளவை உயர்த்தும். புகையை விடத்தான் வேண்டும். விட்டதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

கேள்வி: மாண்டெலுகாஸ்ட் மாத்திரை தொடங்கியதிலிருந்து மகள் இரவில் அலறி எழுகிறாள். தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகிய பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. அடுத்த முறை பார்க்கும் நாள் வரை காத்திருக்காமல், இப்போதே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கருவுற்றிருக்கிறேன். இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டுக்கடங்காத ஆஸ்துமா, குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் காரணமாகலாம். புடசொனைடு போன்ற இன்ஹேலர் ஸ்டீராய்டுகள் கர்ப்பிணிகளிடம் நீண்டகாலமாகப் பயன்பட்டுவருபவை.

கேள்வி: ஹைதராபாத்தில் ஜூன் மாதம் விரால் மீனுக்குள் வைத்துத் தரும் மருந்தை விழுங்கியிருக்கிறேன். இப்போது ஓர் ஊர் வைத்தியரின் சூரணம் சாப்பிடுகிறேன், நன்றாகக் கேட்கிறது. மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ?

திட்டினாலும் சொல்லுங்கள். மீன் மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. எனக்குக் கவலை தருவது பெயர்ச்சீட்டு இல்லாத சூரணம்தான். இரண்டே நாளில் பலன் தரும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உண்டு. முகம் உப்பியிருக்கிறதா, எடை கூடியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பொடியைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்ட உடல், தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை மறந்திருக்கும். பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மருத்துவர் ஒதுக்குவதே மூன்று நிமிடம். அதற்குள் எதைக் கேட்பது?

கடந்த நான்கு வாரத்தில் எத்தனை இரவு இருமலால் விழித்தீர்கள், வாரத்துக்கு எத்தனை நாள் நீல இன்ஹேலர் தேவைப்பட்டது என்பவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் முதலில் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இழுப்பு முற்றினால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா?”

கேள்வி: அப்படி எழுதி வாங்காத நிலையில், நடு இரவில் கடும் இழுப்பு வந்தால்?

நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசர் வழியாகச் சால்புட்டமாலை ஒவ்வொன்றாக நான்கு முதல் பத்து முறை வரை கொடுக்கலாம். இருபது நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடியும் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அரைத்தூக்க மயக்கம் தெரிந்தாலோ இருபது நிமிடம் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.