பாலூட்டும் தாய்க்கு மனச்சோர்வு மாத்திரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி 7 வாரம் ஆகிறது. பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள், அழுதுகொண்டே இருக்கிறாள். ஊட்டியில் டாக்டர் பார்த்து செர்ட்ராலின் 50 மி.கி. தந்தார். 9 நாள் போட்டதில் குமட்டல்தான் மிச்சம். 'பால் வழியாப் பிள்ளைக்குப் போயிடும்' என்று சம்பந்தியம்மா சொன்னதால் நிறுத்தி 4 நாளாகிறது. மறுபடி கொடுக்கலாமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மாத்திரை தொடரத்தான் வேண்டும் அம்மா. ஆனால் 4 நாள் விட்டுப்போனதால், இன்றே டாக்டருக்குப் போன் செய்து, பழைய அளவா, சில நாள் பாதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது.

சம்பந்தியம்மாவின் பயம் பேரப்பிள்ளை மேலுள்ள பாசம். அவரை ஒதுக்காமல் அடுத்த முறை டாக்டரிடம் கூடவே அழைத்துப் போங்கள். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம். பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, வழக்கத்தை மீறித் தூங்கினாலோ, சரியாகக் குடிக்காவிட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

9 நாளில் பலன் தெரியாது. முதலில் தூக்கமும் பசியும் திரும்பும். மனம் தெளிய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். பலருக்கு மாத்திரை கைவிட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். வெறும் வயிற்றில் வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். தூக்கம் தள்ளினால், இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். தெளிந்த பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றல், ஷாக் அடித்தாற்போல் உணர்வு, எரிச்சல் வரும்.

அட்டையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, தினம் ஒன்றாகக் கொடுங்கள். நீங்கள் கொழுந்து பறிக்கக் கிளம்புமுன் கொடுத்துவிட்டால் மறக்காது. மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோகும் ஊர் நம்முடையது. 10 நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து நீங்கள் புகட்டினால், அவளுக்கு 4, 5 மணி நேரம் தொடர்ந்த தூக்கம் கிடைக்கும். மருந்துக்கு அது பெரிய துணை. தைராய்டும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும், பரிசோதித்தாயிற்றா என்று கேளுங்கள்.

தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவது, காதில் குரல் கேட்பது, பிள்ளையோடு செத்துப்போகலாம் என்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் 108-ஐ அழையுங்கள். மற்ற நேரத்தில் மனம்விட்டுப் பேச, அரசின் இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: செர்ட்ராலினோடு இரும்புச்சத்து மாத்திரையும் போடலாமா?
- வாசகி, கூடலூர்

பதில்: போடலாம். ஆனால் இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், சத்து உடம்பில் சேராது. இடுப்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். செர்ட்ராலினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம்.