படிக்க முடியலன்னா விடு தம்பி

அன்புள்ள அக்கா,

ஊரு பாலக்கோடு பக்கம். ஓசூர்ல ஷிப்ட் வேலை. கொஞ்ச மாசமா மனசு சரியில்ல, தருமபுரி ஜிஎச்ல காட்டினேன், டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. சாப்பிட ஆரம்பிச்சு பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல. அம்மா மந்திரிக்கணும்ங்கறாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் மாத்திரைய விட்டுட்டு நல்ல தன்னம்பிக்கை புக்கா படிடா, தானா சரியாயிடும்னு நாலஞ்சு புக் குடுத்தான். ஒரு பக்கம் தாண்ட முடியல, படிச்ச வரியவே திரும்பத் திரும்பப் படிக்கறேன். உங்க கதைங்களை ஒரே ராத்திரில முடிச்சவன் நான். இப்ப சோம்பேறி ஆயிட்டேனோன்னு இருக்கு. நம்பிக்கை தர்ற மாதிரி பத்து புக் சொல்லுங்க. போன்ல படிக்கறது நல்லதா, அச்சுப் புத்தகமா?

பேர் வேண்டாம் அக்கா.

தம்பி,

போனோ பேப்பரோ, எதுல வேணா படி. அம்மா மந்திரிக்கணும்னா மந்திரிச்சுக்கோ, கயிறு கட்டினா கட்டிக்கோ, அது அவங்க பயத்துக்கு. ஆனா அந்த மாத்திரை விஷயத்துல உன்னை நல்லா திட்டணும். பத்து நாள்ல என்ன தெரியும்? இந்த மாத்திரைங்க வேலை செய்யறது தெரியவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். நடுவுல பட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், தூக்கமின்மை, எரிச்சல்னு வேற ஒரு ரகளை ஆரம்பிக்கும். நல்லாயிட்ட பிறகும் ஆறு மாசமாவது சாப்பிடச் சொல்வாங்க, எப்ப குறைக்கணும்னு டாக்டர்தான் சொல்லணும், உன் ஃப்ரெண்டு இல்ல. அவன் நல்ல பையனாவே இருக்கட்டும், அவன் என்ன எம்பிபிஎஸ்ஸா?

இந்த "புக் படி, சரியாயிடும்" பேச்சு மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. எழுத்தாளரே இப்படிச் சொல்லலாமான்னு யாராவது கேப்பாங்க, கேக்கட்டும். படிச்ச வரியவே திரும்பப் படிக்கறேன்னு எழுதியிருக்கியே, அது சோம்பேறித்தனம் இல்லடா கண்ணு, அதுதான் வியாதி. கவனம் நிக்காததும் இந்த நோயோட அடையாளம்னு டாக்டருங்க வச்சிருக்கற பட்டியல்லயே இருக்கு. கால் உடைஞ்சவனை ஏன்டா ஓடலன்னு யாரும் கேக்கறதில்ல, உன்னை மட்டும் எல்லாரும் கேக்கறாங்க, நீயும் சேந்து கேட்டுக்கற.

அதுலயும் போயும் போயும் தன்னம்பிக்கை புக்! அது எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான், நீ நினைச்சா முடியும். நினைக்கறதுக்கே முடியாம படுத்திருக்கறவன் அதைப் படிச்சா என்ன புரிஞ்சுக்குவான்? முடியலன்னா நான் சரியா நினைக்கல, தப்பு என் மேலதான்னு. காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரு, பச்சைத்தண்ணில குளி, கண்ணாடியப் பாத்து நான் ஜெயிப்பேன்னு சொல்லு. பல்லு விளக்கவே பத்து மணி வரைக்கும் மனசத் தேத்திக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கு இதைக் குடுக்கறது உதவியா, தண்டனையா? எழுதறவன் ஜெயிச்சு முடிச்சு ஏசி ரூம்ல உக்காந்து எழுதறான், படிக்கறவன் நடு ஆத்துல நிக்கறான். நோயாளியக் குத்தவாளி ஆக்கற எழுத்து அது. அந்த நாலஞ்சையும் நாளைக்கே அவன்கிட்ட திருப்பிக் குடுத்துடு.

ஜான் ஸ்டூவர்ட் மில்னு ஒரு ஆளு, இங்கிலாந்து தத்துவ எழுத்தாளர். லண்டன்ல கிழக்கிந்தியக் கம்பெனில வேலை, 1792ல திப்புகிட்ட இருந்து நம்ம பாராமகாலை, அதான் நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தை, வாங்குச்சே, அதே கம்பெனி. 1826ல, இருபது வயசுல, அவருக்கு மனசு அப்படியே செத்துப்போச்சு. சின்ன வயசுல இருந்து புத்தகத்துலயே வளந்தவர். தனக்குப் புடிச்ச புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பாத்தேன், ஒண்ணும் உதவலன்னு தன் வாழ்க்கை வரலாற்றுல எழுதியிருக்கார். அப்பேர்ப்பட்டவருக்கே படிப்பு கைகுடுக்கல, பாத்துக்கோ. மாசங்கள் கழிச்சு மார்மோன்தேல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதின நினைவுக் குறிப்பு தற்செயலா கைல மாட்டுது. அதுல அப்பா செத்துப்போன வீட்ல சின்னப் பையன் ஒருத்தன், இனிமே உங்களுக்கு நான் இருக்கேன்னு நினைக்கற இடம் வருது, அங்க மில் அழுதுட்டார். அழ முடிஞ்சதுதான் அவருக்குத் திருப்பம். அது சாவு வீடு தம்பி, அதுல என்ன தன்னம்பிக்கை? 1828ல வேர்ட்ஸ்வொர்த் கவிதை, மலையும் பச்சையுமா, அது இன்னும் உதவுச்சு. பைரன்னு இன்னொரு கவிஞரைப் படிச்சா உதவல, ஏன்னா பைரன் மனசும் தன்னை மாதிரியே இருந்துச்சுங்கறார். யாருக்கு எப்ப எது ஒட்டும்னு யாராலயும் லிஸ்ட் போட முடியாது.

எனக்கு ஒட்டினது காவேரிப்பட்டணத்துல, எங்க பெரியம்மா வீட்ல. நான் அப்ப மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு அங்க போய்க் கிடந்தேன். பெரியம்மா வாரப் பத்திரிகைல வர்ற தொடர்கதையக் கிழிச்சு சேத்து காடாத்துணி போட்டு பைண்ட் பண்ணி வச்சிருப்பாங்க. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, கதை முடியற இடத்துல பாதி ஜோக், பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம். ஒரு இடத்துல கதாநாயகி பஸ் ஏறுவா, அடுத்த பக்கம் திருப்பினா அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். என்ன பெரியம்மா இதுன்னா, அந்த வாரமெல்லாம் உங்க அண்ணன் பொறந்து நான் ஆஸ்பத்திரில இருந்தேன், யாரு வாங்கி வச்சாங்கன்னு பூரிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னாங்க. சிரிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு வந்த சிரிப்பு அது. அப்புறம் தினம் ரெண்டு பக்கம், சில நாள் விளம்பரம் மட்டும். முழுசாப் படிச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, முழுசே அங்க இல்லையே! குணமாக்கினது மாத்திரைதான்னு நினைக்கறேன், அந்த பைண்டிங் பொழுதைத் தாங்கிப் புடிச்சுச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

பத்து புக் கேட்டிருந்தே இல்ல, குடுக்க மாட்டேன், குடுத்தா அதையும் பரீட்சை சிலபஸ் ஆக்கிடுவே. ஏற்கனவே படிச்சதுல புடிச்ச ஒரு பக்கத்த எடுத்து வச்சுக்கோ, என் கதையா இருந்தாலும் சரி, இல்லன்னாலும் எனக்குக் கோபம் இல்ல (கொஞ்சம் இருக்கும்). யாரையாவது சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் படிச்ச கணக்குதான். செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சுன்னா புக்கையும் தேடாத, எனக்கு மெயிலும் போடாத, நான் லேட்டாத்தான் பாப்பேன். 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பக்கத்துல இருக்கறவங்கள எழுப்பிச் சொல்லு.

இன்னொண்ணு, ஷிப்ட் வேலைன்னு எழுதியிருக்கே. நைட் ஷிப்ட் உண்டா? தூக்கம் எப்படின்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்ல, டாக்டர்கிட்டயாவது சொன்னியா? சொல்லலன்னா அடுத்த தடவை ஓபி சீட்டு போட்டதும் மொதல்ல அதைச் சொல்லு.